வேலைக்குத் திரும்பும் தாய்க்கு ஒரு பால் கணக்கு



இம்முறை நாம் எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கண்டு சிலர் முகம் சுளிக்கக்கூடும். “தாய்ப்பால் சங்கதி பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டியது, கடைக்காரருக்கு இதில் என்ன வேலை?” என்று கேட்கவும் கூடும். வேலை இருக்கிறது. பாரிட் புந்தாரிலிருந்து பிறை, பத்து காவான் தொழிற்பேட்டைகளுக்குப் போய்வரும் இளம் தாய்மார் நம் வீட்டு மக்களும் மருமக்களும்தான். நமது கல்லாவில் அமர்ந்து பில் போடும் பெண்ணும் ஒரு கைக்குழந்தையின் தாயாக இருக்கலாம். வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில், “பால் வற்றிவிட்டது” என்று மாவு டின்னுக்குப் போகிறவர்கள் பலர். நேரமும் இடமும் கிடைக்காததால்தான் பெரும்பாலும் பால் வற்றுகிறது. தாயின் உடம்பைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த நேரமும் இடமும் ஆண்களாகிய நமது கையில் இருக்கின்றன.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2023 ஜனவரி 1 முதல் மலேசியத் தொழிலாளர் சட்டப்படி பேறுகால விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. 98 நாள் என்பது 14 வாரம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் தவிர வேறொன்றும் வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது 26 வாரம். இரண்டுக்கும் இடையில் 12 வாரம் துண்டு விழுகிறது. அதை ஈடுகட்டும் வழிதான் பாலைப் பீய்ச்சி எடுத்து வைக்கும் பழக்கம்.

பால் எப்படி ஊறுகிறது?

விற்றுத் தீர்ந்த அளவுக்கே நாம் மறுபடி சரக்கு எடுக்கிறோம். தாயின் உடம்பும் அப்படியே. மார்பு காலியாகக் காலியாகப் பால் ஊறும். எடுக்காமல் தேங்கவிட்டால் உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். இறைத்த கிணறு ஊறும் என்ற பழமொழி இதற்கும் பொருந்தும். காலை ஏழு மணிக்குப் பால் கொடுத்துவிட்டுப் போனவர் மாலை ஆறு வரை எடுக்காதிருந்தால் முதலில் பால் கட்டி வலிக்கும், காய்ச்சலும் வரலாம். நாளடைவில் சுரப்பு குறைந்துபோகும்.

பழகும் முறை

1. குழந்தை நலமாக இருந்து நேராகக் குடித்தால், முதல் நான்கு வாரம் பம்புக்கு அவசரமில்லை. வேலைக்குத் திரும்ப இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது பழகத் தொடங்கலாம். காலையில் பால் அதிகமாக இருக்கும். குழந்தை குடித்த பிறகு தினம் ஒரு முறை எடுத்தால் போதும்.

2. குறைமாதக் குழந்தை ஆஸ்பத்திரியில் தனியே இருக்குமானால் காத்திருக்கக் கூடாது. பிறந்த சில மணி நேரத்துக்குள் தொடங்கி, இரவும் சேர்த்து 24 மணி நேரத்தில் எட்டு முறையாவது எடுக்க வேண்டும். முதலில் வரும் சீம்பால் சொட்டுச் சொட்டாகவே வரும்; கையால் எடுப்பது எளிது. அதில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது.

3. வேலையிடத்தில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, 15 முதல் 20 நிமிடம் எடுக்க வேண்டும். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் குழந்தை நேராகவே குடிக்கட்டும்.

4. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குழந்தை நாளொன்றுக்குச் சராசரி 750 மில்லி குடிக்கும். பத்து மணி நேரம் பிரிந்திருந்தால் 300 மில்லிக்குச் சற்று மேல் தேவைப்படும். தொடக்கத்தில் 30 மில்லிதான் வந்தாலும் கலங்க வேண்டாம். பழகப் பழகக் கூடும்.

5. பம்பு வலிக்கக் கூடாது. வலித்தால் அதன் புனல் அளவு பொருந்தாமல் இருக்கலாம். மார்பில் சிவந்து சூடான கட்டியும் காய்ச்சலும் கண்டால் கிளினிக்கில் மிஸ்ஸியிடம் காட்ட வேண்டும். பால் எடுப்பதை நிறுத்திவிடக் கூடாது.

எடுத்த பாலைக் காப்பது

கை கழுவி, பம்பின் பாகங்களை ஒவ்வொரு முறையும் சோப்பு நீரில் கழுவி உலர்த்த வேண்டும். 25 டிகிரிக்கு மேற்படாத இடத்தில் பால் நான்கு மணி நேரம் கெடாது. நமது ஊர் வெயிலில் அந்தக் கணக்கை நம்பலாகாது; எடுத்தவுடன் குளிர்ப்பெட்டியில் வைக்க வேண்டும். அங்கே 4 டிகிரியில் நான்கு நாளும், உறைய வைத்தால் ஆறு மாதமும் நன்றாக இருக்கும். ஐஸ் கட்டிகள் வைத்த பையில் ஒரு நாள் தாங்கும். தேதி எழுதி, பழைய சரக்கை முதலில் தள்ளும் நம் கடை வழக்கப்படியே கொடுக்க வேண்டும். உறைந்த பாலைக் குளிர்ப்பெட்டியில் இளகவைத்தால் 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மறுபடி உறைய வைக்கக் கூடாது. அடுப்பில் காய்ச்சாமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் புட்டியை நிறுத்திச் சூடேற்றுவதே சரி. மேலே ஆடைபோல் கொழுப்பு பிரிந்து நிற்பது கெட்டதற்கு அடையாளமல்ல. மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். இதை வீட்டிலிருக்கும் பெரியவர்களுக்கும் சொல்லி வைக்க வேண்டும். “எடுத்து வைத்த பால் பிள்ளைக்கு ஆகாது” என்று அவர்கள் கொட்டிவிட்டால் தாயின் பாடெல்லாம் வீண்.

புட்டியில் பெயர் எழுதுவதற்கு நமக்கு மற்றொரு காரணமும் உண்டு. ஒருத்தியின் பாலை இரண்டு வயதுக்குள் குடித்த பிள்ளை அவளுக்குப் பால்குடி மகனோ மகளோ ஆகிவிடும். அதன்பின் திருமண உறவுகளில் விலக்கு வரும். ஷாஃபி மத்ஹபில் ஐந்து முறை குடித்தால் இது ஏற்படும். ஹனஃபி மத்ஹபில் சிறிதளவே போதும். புட்டியில் குடித்தாலும் இதே சட்டந்தான். மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 2011-ல் தாய்ப்பால் வங்கி அமைப்பதை ஏற்காததும் இந்தக் கலப்பை எண்ணித்தான். ஆகவே வேலையிடத்தில் புட்டிகள் மாறிவிடாமல் பார்ப்பது அவசியம்.

கடைக்காரர் என்ற முறையில்

சிசிலி வில்லியம்ஸ் என்ற டாக்டர் அம்மையார் 1939-ல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் பேசினார். இனிப்பு டின்பாலைக் குழந்தை உணவென்று பரப்பியதை அவர் அங்கே கண்டித்தார். 1981-ல் உலக சுகாதார சபை வகுத்த நெறி, குழந்தைப் பால்மாவுக்குக் கடைகளில் தனி அலங்காரம், தள்ளுபடி, இலவச மாதிரி ஆகியவை கூடாது என்கிறது. பால்மாவு தேவைப்படும் பிள்ளைகளும் உண்டு. அதைக் கொடுக்கும் தாயைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. கேட்பவருக்கு விற்பது வியாபாரம். கேளாதவரிடம் ஆசை காட்டித் தள்ளுவது நமக்கு வேண்டாம்.

முதலாளி என்ற முறையில்

இந்தியாவின் 1961-ஆம் ஆண்டு மகப்பேறு சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை தாய்க்கு நாள்தோறும் இரண்டு தனி இடைவேளை தர வேண்டுமென்று வகுத்தது. நாமும் மனமிருந்தால் அவ்வாறே செய்யலாம். சரக்கு அறையில் ஒரு மூலை, உள்ளிருந்து தாழிடும் கதவு, ஒரு நாற்காலி, ஒரு மின் பிளக், குளிர்ப்பெட்டியில் ஒரு தட்டு: இவ்வளவுதான் வேண்டும். கழிவறையைக் காட்டக் கூடாது. நாம் அங்கே வைத்துச் சோறு உண்போமா? பழகிய ஆளை இழந்து புது ஆளுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும் செலவை நினைத்தால் இது ஒன்றுமே இல்லை.

கணவர் என்ற முறையில்

தந்தைக்கும் 2023 முதல் ஏழு நாள் விடுமுறை உண்டு. அந்த நாட்களிலேயே பம்பைக் கழுவவும், இரவில் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கவும் பழகலாம். திருமறையின் பகரா அத்தியாயம் 233-ஆம் வசனம் பாலூட்டும் காலத்தை இரண்டு ஆண்டு என்று சொல்கிறது. தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குவதும், பால் மறக்கடிப்பதை இருவரும் கலந்து முடிவு செய்யச் சொல்வதும் அதே வசனந்தான். பாலூட்டுவது பெண்ணின் காரியம் மட்டுமென்று ஒதுங்கி நிற்க அங்கே இடமில்லை.

இதைப் படித்து முடித்தவர் இன்றே தமது கடையின் பின்னறையை ஒருமுறை பார்க்கட்டும். கதவுக்குத் தாழ் இல்லையென்றால் முதலில் அதைப் போட்டு வைக்கட்டும்.