கல்லைத் தொட்டியில் இறக்கும் முன்

மீன்தொட்டி வைக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளே, கடையில் விற்கிற சாயக் கற்களைவிட நம் ஆற்றங்கரைக் கூழாங்கல் எத்தனையோ அழகு. ஆசையாக எடுத்து வாருங்கள். ஆனால் கல்லிலிருந்து எது கரைந்தாலும் தொட்டி மீனுக்கு விலகிப் போக இடம் கிடையாது. அதனால் நிதானம் வேண்டும்.

1. ஓடும் ஓடையில் கல்லைப் புரட்டாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் அயிரைக்கு உறவான சிறுமீன்களும் தலைப்பிரட்டைகளும் அந்தக் கல்லடியில்தான் வாழ்கின்றன. கரையில் காய்ந்து கிடப்பதே போதும். சரணாலயம், புலிகள் காப்பகம் என்றால் ஒரு கூழாங்கல்கூட எடுக்கக் கூடாது. சாயக்கழிவு ஓடிய நொய்யல், தோல் கழிவு கலந்த பாலாறு, பூச்சிமருந்து அடிக்கும் வயல், வெடிவைக்கும் குவாரி, இந்த இடங்களின் கல் வேண்டவே வேண்டாம்.

2. ராமேசுவரம், தூத்துக்குடிக் கரையில் பவளக்கல் ஒதுங்கிக் கிடந்தாலும் தொடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கல்பவளங்களைக் காக்கிறது.

3. கல்லின் குணத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். கருங்கல், வெங்கச்சங்கல், பல்லாவரம் மலையின் சார்னோக்கைட் ஆகியவை தண்ணீரை மாற்றாதவை. அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல், சுக்கான்கல், சிப்பி பதிந்த கல் எல்லாம் மெல்லக் கரையும். பச்சைத் திட்டு உள்ள கல்லில் செம்பு இருக்கலாம். இறாலும் நத்தையும் அதைத் தாங்கா. பொன்னாக மின்னும் கோடுள்ள கல்லையும் ஒதுக்குங்கள்.

சோதிக்க, கல்லை ஆணியால் சுரண்டி, அந்தப் பொடியின்மேல் வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. நுரைக்காவிட்டால் உடனே நல்ல கல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வினிகர் வலுக்குறைந்த அமிலம். சேலத்து வெள்ளைக்கல்லான மேக்னசைட் அதற்கு அசைந்துகொடுக்காது. நான் நம்புவது வாளியைத்தான். ஒரே தண்ணீரை இரண்டு வாளியில் பிடித்து, ஒன்றில் மட்டும் கல்லைப் போட்டு இரண்டு வாரம் மூடி வையுங்கள். பிறகு இரண்டிலும் பி.எச்., கடினத்தன்மை பாருங்கள். வித்தியாசம் தெரிந்தால் கல் கரைகிறது. கழிவறை ஆசிட்டைக் கொண்டு சோதிக்க வேண்டாம். கையும் கண்ணும் போய்விடும்.

4. சுண்ணாம்புக்கல் விஷமல்ல. இதைப் பலர் புரிந்துகொள்வதில்லை. அது தண்ணீரின் கடினத்தன்மையையும் பி.எச். அளவையும் ஏற்றும், அவ்வளவுதான். கப்பி, மோலி, பிளாட்டிக்கும், ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிச் சிக்லிட்டுக்கும் அது பிடித்தமானதே. மென்மையான அமேசான் நீரிலிருந்து வந்த நியான் டெட்ராவும் டிஸ்கஸும்தான் வாடும். உங்கள் தண்ணீரையும் பாருங்கள். கடினமான போர் தண்ணீரில் இந்தக் கல் அதிகம் கரையாது. ஆர்.ஓ. தண்ணீரிலும், செடிக்காகக் கார்பன் டை ஆக்சைடு விடும் தொட்டியிலும் வேகமாகக் கரையும்.

5. சோப்பு, சோப்புத்தூள் கூடாது. பிரஷ்ஷால் தேய்த்து, வாளியில் போட்டுக் கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, வெயிலில் காயவையுங்கள். அடுப்பில் வைத்து வேகவைக்காதீர்கள், நெருப்பில் வாட்டாதீர்கள். கல்லின் துளையில் சிக்கிய நீர் ஆவியாகி, கல் வெடித்துச் சிதறக்கூடும். பிளீச்சிங் பவுடர் போட்டால் பலமுறை அலசி, குளோரின் நீக்கும் மருந்து கலந்த நீரில் ஊறவையுங்கள். பிளீச்சிங் பவுடரோடு அமிலத்தையோ வினிகரையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு கிளம்பும்.

6. ஒரு லிட்டர் அளவுள்ள கருங்கல் ஏறக்குறைய 2.7 கிலோ இருக்கும். முதலில் அடியில் பிளாஸ்டிக் வலைத்தகடு விரித்து, அதன்மேல் பெரிய கல்லை உட்காரவைத்து, பிறகு மணலைப் போடுங்கள். மணலின்மேல் கல்லை வைத்தால் சிக்லிட்டும் ஃபிளவர்ஹார்னும் தோண்டித் தோண்டிக் கல்லைச் சாய்த்துவிடும். கண்ணாடி விரிசல் விடும். அடுக்கும் கற்களை மீன்தொட்டிக்கான சிலிக்கானால் ஒட்டுங்கள். கூர்முனை வேண்டாம். தங்கமீன் இருக்கும் தொட்டியில் அதன் வாயில் சிக்கும் அளவுள்ள கல்லைப் போடவே போடாதீர்கள்.

7. எல்லாக் கல்லையும் ஒரே நாளில் இறக்காதீர்கள். முதல் வாரங்களில் கல்லின்மேல் பழுப்புப் படலம் வரும். அது பாசி, கவலை வேண்டாம். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கினால் மட்டும் கல்லை உடனே எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய தண்ணீரால் கால் பங்கு மாற்றுங்கள்.