தொங்கு படுக்கை கொள்முதல்: பாக்கெட்டில் அச்சடித்த எடை மட்டும் போதாது

கோடை விடுமுறைக்குச் சரக்கு எடுக்கும் சமயத்தில் ஏற்காடு, கொல்லிமலை, கொடைக்கானல் போகிற வழியில் கடை வைத்திருப்பவர்கள் எங்களிடம் தவறாமல் கேட்கும் உருப்படி ஒன்று உண்டு. அதுதான் ஹேமக் என்னும் தொங்கு படுக்கை. இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிப் படுப்பது. முன்பெல்லாம் கயிறும் தார்ப்பாயும் கொசுவலையும் எடுக்க வருகிறவர்கள் இதைக் கேட்டதில்லை. இப்போது இளவட்டங்கள் கூட்டமாக மலைக்குப் போகிறார்கள், கேட்கிறார்கள். கைக்கு அடக்கமான பை, கண்ணைப் பறிக்கும் நிறம், லாபமும் பரவாயில்லை. ஆகவே யோசிக்காமல் வாங்கி அடுக்கிவிடுகிறோம். நாங்களும் அப்படித்தான் வாங்கினோம்.

எங்கள் முதல் லாட் வலைப் பின்னல் சரக்கு. பாக்கெட்டின் மேல் 200 கிலோ தாங்கும் என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. எங்களிடம் எடுத்த சில்லறைக் கடைக்காரர் ஒருவர் ஒரே மாதத்தில் முகம் வாடித் திரும்பி வந்தார். அவரிடம் வாங்கிய குடும்பத்தில் வீட்டுப் பெரியவர் படுத்த சற்று நேரத்தில் ஒரு பக்கத்துக் கயிறு அறுந்து, இடுப்பில் நல்ல அடி. "அண்ணாச்சி, அவர் 80 கிலோவுக்கு மேல் இருக்க மாட்டார். 200 கிலோ என்று நீங்கள் சொன்னதைத்தானே நானும் சொன்னேன்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். வைத்தியச் செலவிலும் பங்கு ஏற்றோம். சரக்கு அனுப்பியவரோ, கட்டத் தெரியாமல் கட்டியதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கை கழுவிவிட்டார். கோபம் வந்தது உண்மை. விசாரித்துப் பார்த்தபோது அவர் சொன்னதில் பாதி சரி என்பதும் தெரிந்தது. அந்த வீட்டார் படுக்கை கட்டில் மாதிரி மட்டமாக இருக்க வேண்டும் என்று கயிற்றை இழுத்து விறைப்பாகக் கட்டியிருந்தார்கள்.

இந்த விஷயத்தை நாம் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். குழந்தைக்குக் கட்டும் தூளியை உத்தரத்தில் ஒரே இடத்தில் தொங்கவிடுகிறோம். சேலைக்கு வரும் பாரம் குழந்தையின் எடை மட்டுமே. தொங்கு படுக்கை அப்படியல்ல. அது துணி காயப்போடும் கொடியின் ஜாதி. கொடியைத் தொய்வாகக் கட்டினால் நனைந்த போர்வையைக்கூடத் தாங்கும். விறைப்பாகக் கட்டினால் அதே போர்வைக்கு ஆணியே பிடுங்கிக்கொண்டு வரும். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான் இது. கயிறு மட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்வாக இருந்தால் 80 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பக்கக் கயிற்றிலும் வரும் இழுவை 80 கிலோ. சாய்வு 15 டிகிரி ஆனால் ஏறக்குறைய 155 கிலோ. 10 டிகிரியில் 230 கிலோ. 5 டிகிரியில் 459 கிலோ. ஆள் அதே ஆள்தான். அவர் தொப்பென்று உட்கார்ந்தாலோ, பிள்ளைகள் ஏறி ஆட்டினாலோ இன்னும் கூடும். அந்தப் பெரியவரின் கயிறு அறுந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

எனவே சாம்பிள் கையில் வந்ததும் துணியைத் தடவிப் பார்ப்பதற்கு முன் தொங்கவிடும் பகுதியைப் பாருங்கள். அச்சடித்த கிலோ எதற்கு உரியது என்று கேளுங்கள். அறுபடும் எடை வேறு, நிம்மதியாகப் படுக்கக்கூடிய எடை வேறு. சிலர் முன்னதை எழுதி விற்கிறார்கள். துணிக்கு மட்டும் எழுதிவிட்டு, உடன் வரும் கயிற்றைப் பற்றி மூச்சு விடாதவர்களும் உண்டு. வட்டக் கயிறு மரப்பட்டையை அறுக்கும். அதோடு முடிச்சு போட்ட இடத்தில் கயிற்றின் பலம் குறையும். ஒரு அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள பாலியஸ்டர் பட்டையாக இருப்பது உத்தமம். நைலான் பட்டை பாரத்தில் நீளும். இரவில் இடுப்பு உயரத்தில் படுத்தவர் விடியும்போது தரையைத் தொட்டுக்கொண்டிருப்பார். மலிவான பிளாஸ்டிக் கயிறு வெயிலில் கிடந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாததல்ல. கையில் மாவாக உதிரும்.

கொக்கி வளையத்தையும் விட்டுவிடக் கூடாது. சாவிக்கொத்தில் மாட்டும் அலங்கார வளையத்தைப் போட்டு அனுப்புகிறார்கள். நல்ல வளையத்தில் கிலோநியூட்டன் கணக்கில் எண் பொறித்திருக்கும். ஒரு கிலோநியூட்டன் என்பது சுமார் 102 கிலோ. எண்ணே இல்லாத வளையம் என்றால் எங்கள் கிடங்குக்குள் அது நுழையாது. துணியும் கயிறும் சேரும் முனையில் எத்தனை வரிசைத் தையல், நுனியில் நெருக்கிப் பூட்டுத் தையல் போட்டிருக்கிறதா என்பதையும் உள்பக்கம் புரட்டிப் பாருங்கள்.

துணி விஷயத்தில் நாங்கள் ஏமாந்த கதை சிரிப்புக்குரியது. தொலைபேசியில் "210 டீ" என்றார்கள். நாங்கள் டெனியர் என்று எடுத்துக்கொண்டு ஆர்டர் கொடுத்தோம். வந்தது காகிதம் மாதிரி மெல்லிய நைலான். கேட்டால், அவர்கள் சொன்ன டீ வேறு டீயாம். நம் எழுத்தில் இரண்டும் ஒரே டீதான்! டெனியர் என்பது 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறது என்ற கணக்கு, அதாவது நூலின் பருமன். மற்ற டீ ஒரு அங்குலத்தில் பாவும் ஊடையும் சேர்ந்து எத்தனை நூல் என்ற எண்ணிக்கை. மெல்லிய நூலை நெருக்கி நெய்தால் அந்த எண் தானாக ஏறிவிடும். அந்தத் துணி மோசமென்று சொல்ல மாட்டோம், ஒருவர் படுக்கப் போதும். ஆனால் தடித்த துணியின் விலை கொடுக்க வேண்டியதில்லை. இப்போதெல்லாம் எதைச் சொல்கிறார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்கிறோம். பருத்திக் கேன்வாஸ் உடம்புக்குச் சுகம்தான். நனைந்தால் கனக்கும், ஈரத்தோடு மடித்து வைத்தால் பூசணம் பிடிக்கும். தோட்டத்துக்கு ஆகும், மலைக்கு ஆகாது. இரு முனையிலும் மரக்கட்டை வைத்து விரித்த ரகமும் பார்வைக்கு அழகு. புரண்டால் ஆளைக் கவிழ்த்துவிடும்.

நீளத்தில் ஒரு தந்திரம் இருக்கிறது. வலைச் சரக்கில் கயிற்றையும் சேர்த்து நீளம் போடுகிறார்கள். படுக்கும் பகுதியைத் தனியாக அளக்க வேண்டும். கடைகளில் அதிகம் வருவது 270 செ.மீ. நீளம், 140 செ.மீ. அகலம். பிள்ளைகளுக்கும் குள்ளமானவர்களுக்கும் சரி. தொங்கு படுக்கையில் நேராகப் படுத்தால் வாழைப்பழம் போல் வளைந்து முதுகு வலிக்கும். சற்றே குறுக்காகப் படுத்தால்தான் உடம்பு சமமாகும். அதற்கு உயரமானவர்களுக்கு 10 அல்லது 11 அடி தேவை. கொசுவலை, மழைத் தார்ப்பாய் எல்லாம் இரவு தங்குகிறவர்களுக்குத்தான். பகலில் சாய்ந்து படுப்பவருக்குச் சேர்த்துத் தலையில் கட்ட வேண்டாம்.

தயாரித்தவர் பெயரோ இறக்குமதி செய்தவர் பெயரோ இல்லாத பாக்கெட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தயாரித்தவர் யாரென்று தெரியாத பொருளால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், விற்றவர் பொறுப்பாளி ஆகலாம். தயாரிப்பாளர் தந்த எச்சரிக்கையை வாங்குபவரிடம் சேர்க்காவிட்டாலும் அப்படியே. பில் இல்லாத சரக்கில் மிச்சமாகும் காசு அந்த நாளில் உதவாது.

எந்த லாட் வந்தாலும் இப்போது நாங்கள் ஒன்றைப் பிரித்துக் கிடங்குத் தூண்களுக்கு நடுவே கட்டி, 25 கிலோ அரிசி மூட்டை நான்கை ஏற்றி ஓர் இரவு விட்டுவிடுகிறோம். காலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது, தையல் வாய் பிளந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மீதிக்கு ரேட் பேசுவது. எங்கள் பையன்களுக்கு மூட்டையை இறக்கிவிட்டு அதில் தாங்கள் ஏறிப் படுக்கும் ஆசை. அதுவும் ஒரு சோதனை என்று விட்டுவிடுவோம்.

ஒவ்வொரு பாக்கெட்டிலும் தமிழில் ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறோம். கயிறு மரத்திலிருந்து ஒரு அடி வெளியே வந்தால் 7 அங்குலம் கீழே இறங்கியிருக்க வேண்டும், அதுதான் 30 டிகிரி. இருக்கை நாற்காலி உயரத்துக்கு மேல் வேண்டாம். முருங்கையிலும் பட்ட மரத்திலும் கட்டாதீர்கள். காய்த்த தென்னைக்குக் கீழே படுக்காதீர்கள். வனத்துறைக் காட்டுக்குள் அனுமதியில்லாமல் தங்காதீர்கள். அச்சுக்கூலி பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. சீட்டைப் பார்த்தால் வாங்குபவர் பயந்துவிடுவார் என்று இரண்டு கடைக்காரர்கள் அதை உருவி எறிந்துவிட்டு விற்றார்கள். அவர்களுக்கு இந்தச் சரக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டோம். முதல் லாட்டில் மிஞ்சிய வலைகளை ஊஞ்சல் என்று யாருக்கும் விற்கவில்லை. தேங்காய் வண்டிக்காரர் ஒருவர் பாரத்தின் மேல் போட்டுக் கட்ட வேண்டும் என்று மொத்தமாக எடுத்துப் போனார், பாதி விலைக்கு.