பழைய லேப்டாப் வாங்குகிறீர்களா? முதலில் திருப்பிப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதற்காக நல்ல கணினியைக் காயலான் கடைக்குப் போட வேண்டியதில்லை. லினக்ஸ் போட்டால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். இது நமக்குப் புதிதும் அல்ல. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களிலேயே விண்டோஸுடன் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது.

திருமுக்கூடலிலிருந்து காஞ்சிபுரம் போய் செகண்ட்ஹேண்ட் லேப்டாப் பார்ப்பவர்கள், முதலில் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம். சாதாரண ஸ்க்ரூ போட்ட மூடியா? ரேம் தனி ஸ்லாட்டில் இருக்கிறதா, போர்டிலேயே பற்றவைத்ததா? காலி ஸ்லாட்டே இல்லாமல் பற்றவைத்திருந்தால் பிறகு கூட்டவே முடியாது. அலுவலகங்களில் புழங்கிய திங்க்பேட், லாட்டிட்யூட் வகைகளுக்குப் பிரித்துப் பூட்டும் கையேட்டை நிறுவனங்களே இணையத்தில் இலவசமாகத் தருகின்றன. ஆனால் அதே பெயரில் வரும் மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் பற்றவைத்ததுதான். மாடல் எண்ணைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மிக முக்கியமான சோதனை இது: 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் ஏற்றி எடுத்துப்போய், எதையும் நிறுவாமல் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, கேமரா எல்லாம் வேலை செய்கிறதா? மூடியைச் சாத்தித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா? இன்டெல் வைஃபை பெரும்பாலும் உடனே ஓடும். சில பிராட்காம் சில்லுகளுக்குத் தனி டிரைவர் தேவை. போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து அந்த நெட்டிலேயே இறக்கிக்கொள்ளலாம்.

சிக்கல் வந்தால், காஞ்சிலக் என்ற காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுவிடம் தமிழிலேயே கேட்கலாம்.