கைபேசியில் வாக்காளர் பட்டியல்: தேடு பொத்தான் காட்டாத பெயரைக் கண்டுபிடிக்கும் முறை



நம் குடும்பங்களுக்கு வேண்டிய முக்கியமான காகிதங்கள் இப்போது காகிதமாக வருவது குறைந்துவிட்டது. ஆதார், வில்லங்கச் சான்று, பட்டா, பிள்ளைகளின் ஹால் டிக்கெட், பள்ளிப் பாடநூல் எல்லாம் பி.டி.எஃப். கோப்பாகக் கைபேசிக்குள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. வீட்டில் கம்ப்யூட்டர் இருப்பவர்கள் சிலரே. மற்றவர்கள் அந்தச் சின்னத் திரையிலேயே படித்தாக வேண்டும். இம்மாதப் பாடத்துக்கு நாம் ஒரே ஒரு கோப்பை எடுத்துக்கொள்கிறோம்: வாக்காளர் பட்டியல். சிறு திரையில் படிக்க மிகவும் சிரமமானது அதுதான். அது பழகிவிட்டால் மற்றவை எளிது.

தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தம் 2025 நவம்பர் 4 அன்று தொடங்கியது நினைவிருக்கும். தன் பெயரோ பெற்றோர் பெயரோ 2002 அல்லது 2005ஆம் ஆண்டுப் பட்டியலில் எந்தத் தொகுதியில், எந்தப் பாகத்தில், எந்த வரிசை எண்ணில் இருக்கிறது என்று படிவத்தில் கேட்டார்கள். டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வெளிவந்தது. மாநிலம் முழுவதும் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் அதில் இடம்பெறவில்லை. இறந்தவர்கள், இடம் மாறியவர்கள், இரண்டு இடத்தில் பதிவானவர்கள் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. அந்த வாரங்களில் நம் அலுவலகத்துக்கு வந்தவர்களில் பலர் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "பி.டி.எஃப்.ல பேரைப் போட்டுத் தேடிப் பார்த்துட்டோம் பாய், இல்லைன்னு வருது." அப்படிச் சொன்னது கைபேசிதான். பட்டியலை யாரும் கண்ணால் படித்திருக்கவில்லை.

பி.டி.எஃப். கோப்புகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இரண்டு வகை உண்டு. ஒரு வகையில் எழுத்துகள் எழுத்துகளாகவே இருக்கும். இன்னொரு வகையில் பக்கம் முழுவதும் ஒரு படம், போட்டோ எடுத்து ஒட்டியது போல. படத்துக்குள் இருக்கும் பெயரைத் தேடு பொத்தான் பெரும்பாலும் அறியாது. 'இல்லை' என்றுதான் சொல்லும். 2018 தொடக்கத்தில் தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியல்களைப் படக் கோப்பாகவே இணையத்தில் வெளியிடும்படி உத்தரவிட்டது. ஆகவே இந்தப் பட்டியலில் தேடு பொத்தானை நம்பி ஒருவர் பெயர் இல்லை என்று முடிவு கட்டுவது தவறு. எந்த வகைக் கோப்பு என்று அறிய ஒரு சொல்லின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சொல் நிறம் மாறித் தனியே பிடிபட்டால் அது எழுத்து. பிடிபடாவிட்டால் படம்.

எழுத்து வகையிலும் பழைய தமிழ்க் கோப்புகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது 2010இல், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித்தான். அதற்கு முன் அலுவலகங்களில் ஆளுக்கொரு எழுத்துரு. திரையில் 'ஃபாத்திமா' என்று தெரிந்தாலும் கோப்புக்குள் அது வேறு ஏதோ குறியீடாக இருக்கும். இன்றைய விசைப்பலகையில் தட்டினால் பொருந்தாது.

சரி, கண்ணால்தான் படிக்க வேண்டும் என்றால் எழுத்து எறும்பு ஊர்வது போலத் தெரிகிறதே என்பீர்கள். கைபேசி அமைப்பில் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருக்கும் பெரியவர்கள்கூட, 'வாட்ஸ்அப் பெரிசா தெரியுது, இது மட்டும் தெரியல' என்கிறார்கள். அதற்குக் காரணம் பி.டி.எஃப். அமைப்பிலேயே இருக்கிறது. ஹிஃப்ழு ஓதும் பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கு இதை எளிதில் விளக்கலாம். மதீனா பதிப்பு முஸ்ஹஃபில் பக்கத்துக்கு 15 வரி, மொத்தம் 604 பக்கம். எந்தப் பிரதியை எடுத்தாலும் அதே ஆயத்து அதே பக்கத்தில் அதே இடத்தில் இருக்கும். அதனால்தான் ஹாஃபிழ்களுக்கு ஆயத்தோடு அது பக்கத்தில் இருக்கும் இடமும் மனத்தில் பதிகிறது. 1993இல் அடோபி நிறுவனம் பி.டி.எஃப்.பை வெளியிட்டதும் இதே நோக்கத்தில்தான்: எந்த இயந்திரத்தில் திறந்தாலும் பக்கம் கலையக் கூடாது. அது திரைக்காகத் தன்னை மாற்றிக்கொள்ளாது. நாம்தான் திரையை நகர்த்த வேண்டும்.

ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். சாதாரணக் கைபேசித் திரையின் அகலம் ஏறத்தாழ 7. முழுப் பக்கமும் திரைக்குள் அடங்கும்போது எழுத்து மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. கடிதம், அரசாணை, வில்லங்கச் சான்று போன்ற பக்கத்தின் குறுக்கே நீளும் வரிகளுக்குக் கைபேசியைப் படுக்கையாகத் திருப்புங்கள். அகலம் 15 சென்டிமீட்டர் அளவுக்குக் கிடைக்கும், எழுத்தும் இரட்டிப்பாகும். ஆனால் இன்றைய வாக்காளர் பட்டியலுக்கு இந்த யோசனை உதவாது. அதன் பக்கத்தில் குறுக்கே மூன்று, கீழ்நோக்கிப் பத்து என 30 கட்டங்கள் இருக்கும். கைபேசியை நிமிர்த்தியே பிடித்து, ஒரு பத்தி மட்டும் திரையை நிறைக்கும்படி இரண்டு விரலால் விரியுங்கள். 21இல் மூன்றில் ஒரு பங்கு 7 அல்லவா? தாளில் அச்சடித்த அளவுக்கே எழுத்து வந்துவிடும். பிறகு பத்தியை விட்டு விலகாமல் கீழே இறங்குங்கள், அடுத்த பத்தியின் தலைக்குப் போங்கள்.

இதில் ஓர் எச்சரிக்கை. வரிசை எண் குறுக்காக ஓடும்: 1, 2, 3 முதல் வரிசையில், 4, 5, 6 அடுத்ததில். அதனால் ஒரே வீட்டார் பக்கத்துப் பக்கத்துப் பத்திகளில் பிரிந்து கிடப்பார்கள். ஒரு பத்தியில் அத்தாவின் பெயரைக் கண்டவுடன் அதே பத்தியில் அம்மாவைத் தேடிக் காணவில்லை என்று பதறாதீர்கள். வலப்பக்கம் நகர்த்திப் பாருங்கள்.

ஒரு பாகத்தில் 1,200 பேர் இருந்தால் 40 பக்கம். அத்தனையையும் புரட்ட வேண்டியதில்லை. முதல் பக்கத்தில் அந்தப் பாகத்தில் அடங்கும் தெருக்கள் பிரிவு எண்ணோடு இருக்கும். உங்கள் தெருவின் பிரிவு எண்ணைக் குறித்துக்கொண்டு, பக்கத் தலைப்பில் அந்த எண் வரும் வரை வேகமாகத் தள்ளிவிடலாம்.

அதற்குப் பிறகு பெயரைத் தேடாதீர்கள், வீட்டு எண்ணைத் தேடுங்கள். நம் பெயர்கள் பட்டியலில் படும் பாட்டை அறிந்துதான் இதை வற்புறுத்துகிறோம். முஹம்மது, முகம்மது, முகமது; ஷேக், சேக்; ஜைனப், ஜெய்னப், சைனப்; ஃபாத்திமா, பாத்திமா. ஒரே ஆளுக்கு இத்தனை எழுத்து. பீவி, பேகம் என்பவை ஒரு பட்டியலில் இருக்கும், மற்றொன்றில் இராது. பெண்கள் விஷயத்தில் நிக்காஹ்வுக்கு முன் தந்தை பெயரோடு ஓர் ஊரில் இருந்தவர், பின் கணவர் பெயரோடு வேறு ஊரில் இருப்பார். பரங்கிப்பேட்டையிலிருந்து லால்பேட்டைக்கு வாழ வந்த மருமகளின் பழைய பதிவை லால்பேட்டைப் பட்டியலில் தேடிப் பயனில்லை. உம்மா வீட்டுத் தெருவில்தான் தேட வேண்டும். வீட்டு எண் எழுத்துப் பிழைக்கு அவ்வளவாக ஆளாவதில்லை. பழைய எண், புது எண் இரண்டையும் வீட்டு வரி ரசீதைப் பார்த்து முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பட்டியலைத் தேடுவோருக்கு இன்னொரு குழப்பம். 2008 மறுவரையறைக்கு முன் நம் மாவட்டத்தின் தொகுதிகள் இன்று போல இல்லை. நெல்லிக்குப்பம் என்று ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது, மங்களூர் என்று ஒன்று இருந்தது. இரண்டும் இப்போது இல்லை. நெய்வேலியும் திட்டக்குடியும் பின்னால் வந்தவை. கடலூர், சிதம்பரம் போன்று பெயர் மாறாத தொகுதிகளிலும் எல்லையும் பாக எண்களும் மாறியிருக்கும். எனவே இன்றைய பாக எண்ணைக் கொண்டு 2002, 2005 கோப்பைத் திறக்காதீர்கள். அன்று குடியிருந்த தெரு, வாக்குச்சாவடி இருந்த பள்ளிக்கூடம், இவற்றை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு அதன் வழியே போங்கள். நன்னாவுக்கும் நன்னிக்கும் அந்தப் பள்ளிக்கூடம் நன்றாக நினைவிருக்கும்.

பெயர் கிடைத்துவிட்டதா? கட்டத்தை முழுவதும் விரித்துப் பாருங்கள். குறுக்கே நீக்கல் முத்திரை விழுந்திருந்தால் அந்தப் பெயர் பட்டியலில் இருந்தும் இல்லாததுதான். கோப்பின் இறுதியில் வரும் துணைப் பட்டியலையும் பாருங்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் அங்கே இருக்கலாம். பெயர் சரியாக இருந்து தந்தை பெயரோ வயதோ பிழையாக இருந்தால் படிவம் 8. பெயரே இல்லாவிட்டால் படிவம் 6. தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால், வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்குச் சேர்க்க முடியாது. ஆகவே ஓட்டுப்போடும் வாரத்தில் தேடத் தொடங்குவது வீண். வாக்காளர் அட்டை எண்ணைக் கொண்டு ஆணையத்தின் இணையதளத்தில் நேரடியாகவும் தேடலாம், 1950 என்ற எண்ணிலும் கேட்கலாம். அப்படிப் பார்த்தவர்களும் ஒருமுறை கோப்பைத் திறந்து தம் வீட்டார் அனைவரையும் சரிபார்த்துவிடுவது நல்லது.

அனுப்பும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. பக்கத்தைத் திரைப்படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும். விரித்துப் பார்த்தால் எழுத்து கலங்கியிருக்கும். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்புவதானால் கோப்பையே 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்து அனுப்புங்கள். இறக்கிய கோப்பு எண்ணும் எழுத்துமாக ஏதோ பெயரில் கிடக்கும். தொகுதி, பாகம், ஆண்டு என்று உடனே பெயர் மாற்றுங்கள். மஹல்லா குழுமத்தில் பட்டியலைப் பகிர்வதில் தவறில்லை. ஆனால் ஆதார் கோப்பை அங்கே போடவே கூடாது. அதன் கடவுச்சொல் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான், உங்களை அறிந்த எவரும் ஊகித்துவிடுவார்.

கண்டுபிடித்த விவரத்தைக் கைபேசியில் மட்டும் விட்டுவைக்காதீர்கள். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் தொகுதி, பாகம், பிரிவு, வரிசை எண், பட்டியலில் பெயர் எந்த எழுத்தில் இருக்கிறது என்பதை அப்படியே ஒரு தாளில் எழுதி ரேஷன் கார்டோடு வையுங்கள். கல்லூரிக்குப் போகும் பிள்ளை அரை மணி நேரம் உட்கார்ந்தால் முடியும் வேலை. பார்வை மங்கிய பெரியவர்களும் படிக்க ஆளில்லாத வீட்டாரும் வீட்டு வரி ரசீதையும் வாக்காளர் அட்டையையும் எடுத்துக்கொண்டு ஜும்ஆவுக்குப் பின் நம் அலுவலகத்துக்கு வரலாம். இன்ஷா அல்லாஹ், கூடவே இருந்து தேடித் தருகிறோம்.