சினை பிடிக்காத மாட்டுக்கு ஹார்மோன் ஊசி பலிக்குமா? பால் பரிசோதனையால் முன்கூட்டியே அறியலாம்

கறவை மாடு வளர்ப்பில் ஆதாயம் பெற வேண்டுமானால், பசு ஆண்டுக்கு ஒரு கன்றாவது, மிஞ்சினால் 13 மாதத்துக்கு ஒரு கன்றாவது ஈன வேண்டும். பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். ஆகவே கன்று ஈன்ற மூன்று, நான்கு மாதங்களுக்குள் அது மீண்டும் சினைப்பட்டாக வேண்டும். ஒரு பருவம் தவறினால் 21 நாள் தீவனச் செலவு வீணாவதுடன், அடுத்த ஈற்றும் அத்தனை நாள் தள்ளிப் போகிறது.

பருவத்துக்கு வராத மாடுகளுக்கும், பலமுறை கருவூட்டியும் சினை நிற்காத மாடுகளுக்கும் இன்று நல்ல ஹார்மோன் ஊசிகள் உள்ளன. ஆனால் ஒரே ஊசி ஒரு மாட்டுக்குப் பலிக்கிறது. பக்கத்துக் கொட்டகை மாட்டுக்குப் பலிப்பதில்லை. பெரும்பாலும் இதற்குக் காரணம் மருந்தின் குறை அன்று. ஊசி போட்ட நாளில் மாட்டின் சினைப்பை இருந்த நிலையே ஆகும். அந்த நிலையைப் பாலில் உள்ள புரோஜெஸ்டிரான் என்னும் ஹார்மோனின் அளவு காட்டிக் கொடுத்து விடும்.

புரோஜெஸ்டிரான் ஏறுவதும் இறங்குவதும்

பசுவுக்குச் சராசரியாக 21 நாட்களுக்கு ஒருமுறை பருவம் வரும். பருவ அறிகுறிகள் அடங்கிய பின் சினைப்பையிலிருந்து முட்டை வெளிப்படும். முட்டை வெளிப்பட்ட இடத்தில் மஞ்சள் திரள் என்னும் திசு வளர்கிறது. புரோஜெஸ்டிரானைச் சுரப்பது இதுவே.

பருவ நாளில் இந்த ஹார்மோன் மிகக் குறைவாக இருக்கும். ஐந்தாறு நாட்களில் ஏறத் தொடங்கி, 10 முதல் 16ஆம் நாள் வரை உயர்ந்து நிற்கும். மாடு சினைப்படாவிட்டால், கருப்பையில் சுரக்கும் புராஸ்டாகிளான்டின் என்னும் பொருள் மஞ்சள் திரளைக் கரைத்து விடும். புரோஜெஸ்டிரான் இறங்கி, மாடு மறுபடியும் பருவத்துக்கு வரும். சினைப்பட்டால் மஞ்சள் திரள் கரையாது. ஹார்மோன் அளவும் இறங்காது.

இந்த ஏற்ற இறக்கம் பாலிலும் தெரிகிறது என்பதை 1971இல் லெயிங், ஹீப் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்டனர். புரோஜெஸ்டிரான் கொழுப்பில் கரையக் கூடியது. ஆகையால் இரத்தத்தில் இருப்பதை விடப் பாலில் கூடுதலாகவே இருக்கும். இருப்பினும் இதனை நானோகிராமில்தான் அளக்கிறார்கள். ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கே ஒரு நானோகிராம். பொதுவாகப் பருவ நாளில் ஒரு மில்லி லிட்டர் பாலில் 2 அல்லது 3 நானோகிராமுக்குக் குறைவாகவும், சுழற்சியின் நடுவில் 10 நானோகிராமுக்கு மேலும் இருக்கும். பாலின் கொழுப்பையும் ஆய்வு முறையையும் பொறுத்து இது மாறும். எனவே ஆய்வகம் குறிப்பிடும் எல்லை அளவையே கணக்கில் கொள்ள வேண்டும்.

மாடு பருவத்துக்கே வராவிட்டால்

ஈன்று இரண்டு மாதம் கடந்தும் பருவ அறிகுறி தென்படவில்லை என்றால், பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை பால் மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டும்.

இரண்டிலும் அளவு குறைவாக இருந்தால் சினைப்பை இன்னும் வேலை செய்யத் தொடங்கவில்லை என்று பொருள். இத்தகைய மாட்டுக்குப் புராஸ்டாகிளான்டின் ஊசி போடுவது வீண் செலவு. கரைப்பதற்கு அங்கே மஞ்சள் திரளே இல்லை. தீவனத்தைச் சீர்செய்து, தாது உப்புக் கலவை கொடுத்து, உடல் தேறிய பின் மருத்துவர் யோசனைப்படி வேறு சிகிச்சை செய்ய வேண்டும்.

இரண்டில் ஒன்றிலாவது அளவு உயர்ந்திருந்தால் மாடு பெரும்பாலும் பருவத்துக்கு வந்து போய்க் கொண்டிருக்கிறது. நம் கண்ணில்தான் படவில்லை. எருமைகளில், குறிப்பாகக் கோடையில், இத்தகைய ஊமைப் பருவம் மிகுதி. இங்கே முதலில் தேவைப்படுவது ஊசியன்று; அதிகாலையிலும் இரவிலும் மாட்டைக் கவனிப்பதே.

புராஸ்டாகிளான்டின் ஊசி போடுமுன்

மஞ்சள் திரள் நன்கு வளர்ந்த நிலையில், அதாவது புரோஜெஸ்டிரான் உயர்ந்திருக்கும்போது, இந்த ஊசி போட்டால் பெரும்பாலான மாடுகள் 2 முதல் 5 நாட்களுக்குள் பருவத்துக்கு வரும். பருவம் முடிந்த முதல் ஐந்து நாட்களில் மஞ்சள் திரள் இளம் நிலையில் இருப்பதால் ஊசி பலிக்காது.

ஆனால் இங்கே ஓர் ஆபத்து உண்டு. சினை மாட்டிலும் புரோஜெஸ்டிரான் உயர்ந்தே இருக்கும். அளவு உயர்ந்திருக்கிறது என்பதை மட்டும் பார்த்து ஊசி போட்டால், வயிற்றில் உள்ள கன்று கலைந்து போகலாம். முன்பு கருவூட்டிய மாடானாலும், காளையோடு மேய்ந்த மாடானாலும், சினை இல்லை என்று மருத்துவர் உறுதி செய்த பின்னரே இந்த ஊசியைப் போட வேண்டும். இம்மருந்து தோல் வழியாகவும் உடலில் ஏறும். கருவுற்ற பெண்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் இதனைக் கையாளக் கூடாது.

கருவூட்டல் நாளில்

கருவூட்டும் நாளில் எடுத்த பாலில் புரோஜெஸ்டிரான் குறைவாக இருக்க வேண்டும். உயர்ந்திருந்தால் அது பருவ நாளே அன்று. அந்தக் கருவூட்டலால் சினை பிடிக்காது. மாடு ஏற்கெனவே சினையாக இருந்து, சினையின்போதே பருவ அறிகுறி காட்டியதாகவும் இருக்கலாம். அப்போது கருவூட்டல் குழாய் பட்டுக் கருக்கலையக் கூடும். பலமுறை கருவூட்டியும் சினை பிடிக்கவில்லை என்று சொல்லப்படும் மாடுகளில் சில, உண்மையில் நாள் தவறிக் கருவூட்டப்பட்டவையே. இவற்றுக்கு மருந்து தேவையில்லை. காலையில் பருவம் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் கருவூட்டினால் போதும்.

21 முதல் 24ஆம் நாளில்

கருவூட்டிய 21 முதல் 24ஆம் நாளுக்குள் எடுத்த பாலில் அளவு குறைவாக இருந்தால் மாடு சினையில்லை என்பதை ஏறக்குறைய உறுதியாகக் கொள்ளலாம். உடனே பருவ அறிகுறியைக் கவனித்து மறுபடியும் கருவூட்டலாம். மூன்று மாதம் காத்திருந்து ஏமாற வேண்டியதில்லை.

அளவு உயர்ந்திருந்தால் சினையாக இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும். நூற்றுக்கு 15 முதல் 25 மாடுகள் பிறகு சினையில்லாதவையாக மாறக் கூடும். கருவூட்டல் நாள் தவறியிருக்கலாம். கருப்பையில் சீழ் இருப்பதால் மஞ்சள் திரள் கரையாமல் நின்றிருக்கலாம். கரு உண்டாகிப் பின்னர் அழிந்தும் இருக்கலாம். ஆகையால் 30 நாள் அளவில் ஸ்கேன் மூலமோ, இரண்டு மாதத்துக்குப் பிறகு கைப் பரிசோதனை மூலமோ சினையை உறுதி செய்ய வேண்டும்.

உழவர்கள் மனத்தில் இருத்த வேண்டியது இதுதான்: இந்தச் சோதனை 'பலிக்காது' என்று சொன்னால் பெரும்பாலும் நம்பலாம், 'பலிக்கும்' என்று சொன்னால் உறுதி செய்துகொள்ள வேண்டும். ஹார்மோன் அளவு சரியாக இருந்தும் உறைவிந்தின் தரம் குறைந்தாலோ, கருவூட்டுபவரின் கை பழகாவிட்டாலோ, கருப்பையில் நோய் இருந்தாலோ, மாடு வெயிலில் வாடினாலோ சினை பிடிக்காது. இவற்றை எந்த ஹார்மோன் அளவும் காட்டாது.

பால் மாதிரி எடுக்கும் முறை

1. ஒரு மாட்டின் பாலை மட்டும், உலர்ந்த சுத்தமான சிறு புட்டியில் 10 மில்லி லிட்டர் எடுக்கவும். வேறு மாட்டின் பால் கலக்கக் கூடாது.

2. முதற்பாலை விடக் கடைசிப் பாலில் கொழுப்பு மிகுதி. எனவே ஹார்மோனும் மிகுதி. ஒவ்வொரு முறையும் ஒரே கட்டத்துப் பாலையே எடுக்க வேண்டும்.

3. மாட்டின் அடையாளம், எடுத்த தேதி, ஈன்ற தேதி, கருவூட்டிய தேதி ஆகியவற்றைப் புட்டியின் மேல் எழுதி ஒட்டவும். தேதி இல்லாத மாதிரியால் பயன் குறைவு.

4. பால் கெடாமலிருக்க ஆய்வகத்தார் தரும் மாத்திரை நஞ்சாகும். அதனைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும். மாத்திரை போட்ட பாலை மீண்டும் பால் பாத்திரத்தில் ஊற்றக் கூடாது.

5. மாதிரியைக் குளிர்ச்சியான இடத்தில் வைத்து விரைவில் அனுப்பவும். கிடேரிக்கும் பால் வற்றிய மாட்டுக்கும் இரத்தத்தில்தான் சோதிக்க முடியும்.

இச்சோதனை எங்கே செய்யப்படுகிறது என்பதை உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்டறியுங்கள். வசதி இல்லாத இடங்களில் கொட்டகைச் சுவரில் ஒரு நாட்காட்டி மாட்டி, ஈன்ற நாள், பருவம் கண்ட நாள், கருவூட்டிய நாள் ஆகிய மூன்றையும் தவறாமல் குறித்து வாருங்கள். அந்தக் குறிப்பைப் பார்த்தே மருத்துவர் பல ஊசிகளைத் தவிர்க்க முடியும். மாட்டின் நிலையை முதலில் அறிந்து, பிறகு மருந்துக்குச் செலவு செய்யும் உழவரே கறவைத் தொழிலில் ஆதாயம் காண்பார்.