நோய் ஆதரவு சிகிச்சை: முதல் நாளிலேயே கேளுங்கள்

நோய் ஆதரவு சிகிச்சைக்குப் பரிந்துரைத்தவுடன், மருத்துவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்றே பல குடும்பத்தினர் பொருள் கொள்கின்றனர். இது சரியன்று. புற்றுநோய், சிறுநீரகச் செயலிழப்பு, இதயச் செயலிழப்பு, பக்கவாதம், நாள்பட்ட நுரையீரல் நோய் ஆகியவற்றால் துன்புறுவோரின் வலி, மூச்சுத்திணறல், உறக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவற்றைத் தணிப்பதே இதன் பணி. நோயைக் குணப்படுத்தும் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே இதனையும் பெறலாம். பெற வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்குச் சான்று. பிற உறுப்புகளுக்கும் பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தரப்பட்டது. மறு பிரிவினருக்கு அதனுடன் ஆதரவு சிகிச்சையும் தொடக்கத்திலேயே தரப்பட்டது. இரண்டாம் பிரிவினரிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. அவர்களின் இடைநிலை வாழ்நாள் 11.6 மாதங்கள், மற்றவர்களுடையது 8.9 மாதங்கள். எல்லா நோய்களிலும் ஆயுள் இவ்வாறு நீளும் என நாங்கள் உறுதி கூற இயலாது. ஆனால், ஆதரவு சிகிச்சை வாழ்நாளைக் குறைத்துவிடும் என்னும் அச்சத்திற்கு இடமில்லை.

நம் மாவட்டத்தில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளிமலை, கரியாலூர் பகுதிகளிலிருந்து வரும் நோயாளி மலைப்பாதையில் இறங்கி, கச்சிராயபாளையம் வழியாகக் கள்ளக்குறிச்சியை அடைய வேண்டும். உடன் வருபவருக்கு அன்றைய கூலி இல்லை. வலி முற்றியபின் அந்தப் பயணமே பெரும் வேதனை. ஆகவே, பராமரிப்பு வீட்டைத் தேடிச் செல்ல வேண்டும்.

கேரளத்தில் 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய முயற்சி, பின்னர் பயிற்சி பெற்ற ஊர்த் தொண்டர்கள் வழியே வீடுகளுக்குப் பரவியது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளோடு வீட்டிலேயே நோய் ஆதரவு சிகிச்சையும் இயன்முறை சிகிச்சையும் அளிக்க வழி செய்யப்பட்டுள்ளது. உங்கள் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிவு செய்யச் சொல்லிக் கேளுங்கள். உறவினர் அருகருகே வாழும் ஊர்களில் பராமரிப்பை முறைவைத்துப் பகிர்ந்துகொள்வது எளிது. எனினும், மனைவியோ மருமகளோ தனியாளாய் இரவு பகலாகத் தூக்கிச் சுமப்பதையே நாங்கள் மிகுதியும் காண்கிறோம்.

இனி மார்ஃபின் பற்றி. “போதை மருந்தாயிற்றே” என்று மாத்திரையை மறைத்து வைக்கும் வீடுகள் உண்டு. கடும் வலிக்கு மருத்துவர் கூறிய அளவில் உட்கொள்வோர் அடிமையாவது அரிது. சாதாரண மார்ஃபின் மாத்திரையின் பயன் ஏறத்தாழ நான்கு மணி நேரமே நீடிக்கும். எனவே, வலி வந்தபின் விழுங்குவதைவிட, வலி திரும்புமுன் கடிகாரம் பார்த்துத் தருவதே முறை. முதல் சில நாள்களில் குமட்டலும் தூக்கக் கலக்கமும் வரலாம். அவை பெரும்பாலும் தணிந்துவிடும். மலச்சிக்கல் அவ்வாறு தணியாது. ஆதலால் மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே தர வேண்டும். திடீரென நிறுத்தக் கூடாது. மதுவுடன் ஒருபோதும் சேரக் கூடாது. பிறருக்குத் தரக் கூடாது. பூட்டி வைக்க வேண்டும். எழுப்பியும் எழாமல், மூச்சு மிக மெதுவானால் உடனே 108-ஐ அழையுங்கள். 2014-இல் சட்டம் திருத்தப்பட்டபின் மருத்துவமனைகள் இம்மருந்தை இருப்பு வைப்பது எளிதாகியுள்ளது. ஆயினும் இது எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைக்காது. மலையில் வசிப்போர் ஒரு வார மாத்திரை மீதமிருக்கும்போதே அடுத்த மருந்துக்கு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

“அவரிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள்” எனக் குடும்பத்தார் எங்களிடம் மன்றாடுவது வழக்கம். அந்த அன்பை நாங்கள் அறிவோம். ஆனால், நோயாளி பெரும்பாலும் ஊகித்துவிடுகிறார். பேச ஆளின்றித் தனித்துவிடுகிறார். எவ்வளவு அறிய விரும்புகிறார் என்று அவரிடமே கேட்போம். நிலம், பிள்ளைகள், எங்கே இருக்க விருப்பம் என்பவற்றை அவரால் தெளிவாகக் கூற முடியும் காலம் தொடக்கக் காலமே.

வீடு திரும்பும் நாளில் சிகிச்சைச் சுருக்கத்தையும் மருந்துச் சீட்டின் நகலையும் கேட்டுப் பெற்று, உங்கள் ஊர்ச் செவிலியரிடம் காட்டுங்கள். வீட்டில் கைபேசித் தொடர்பு கிடைக்காதெனில், ஊரில் எங்கு கிடைக்கும், யாரை அழைக்கலாம் என்பதை எங்களிடம் எழுதிக் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.