இடுப்பு வலித்தால் கட்டிலா?

"அசையாம படும்மா, நடந்தா கொழந்தை கீழ எறங்கிடும்." கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. பிசியோதெரபிக்கு வரும் ஏழாம் மாதக்காரியிடம் "எங்கம்மா வலிக்குது?" என்றால், பதில் மாமியாரிடமிருந்து வருகிறது, கூடவே இந்த வசனமும்.

இறங்காது. நல்லபடியாக இருக்கும் கர்ப்பத்தில், நடப்பதால் கருப்பை வாய் திறந்துகொள்வதில்லை. வலிக்குக் காரணமே வேறு. வயிறு முன்னால் தள்ளத் தள்ள உடம்பு பின்னால் சாய்கிறது, கீழ்முதுகு உள்வளைகிறது. ரிலாக்சின் ஹார்மோன் இடுப்பு மூட்டுகளின் பிடியைத் தளர்த்துகிறது. வயிற்றுத் தசையும் இழுபட்டு வலுவிழக்க, பாரமெல்லாம் முதுகுத் தசையின் தலையில். அதைக் கட்டிலில் கிடத்திச் சோம்ப வைத்தால் வலி போகுமா, வளருமா? அதுவும் 20 வாரத்துக்கு மேல் மல்லாந்தே கிடந்தால், இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய நாளத்தைக் கருப்பை அழுத்தும், தலை சுற்றும்.

கர்ப்ப காலம் முழுக்க உடற்பயிற்சி செய்யுங்கள், இடுப்பு வலியைத் தடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-லேயே சொல்லிவிட்டது. பேசிக்கொண்டே நடக்கும் வேகத்தில் வாரம் 150 நிமிடம் போதும். பாயில் கையும் முழங்காலும் ஊன்றி, பூனை சோம்பல் முறிப்பதுபோல் முதுகை மேலே தூக்கி, ஐந்து எண்ணிச் சமமாக இறக்குங்கள். பத்து தடவை. ரத்தப்போக்கு இருந்தாலோ, நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தாலோ இதெல்லாம் வேண்டாம்.

வேடிக்கை என்னவென்றால், ஏழாம் மாதம் கட்டிலில் கிடத்திய அதே வீடு, ஒன்பதாம் மாதம் சுகப்பிரசவத்துக்கென்று துடைப்பத்தைக் கையில் கொடுக்கிறது.

முதுகில் எண்ணெய் தேய்த்தால் கரு கலையுமா? கலையாது. நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து, தலையணையைக் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். தண்டுவடத்தின் மேல் அல்ல, இரு பக்கமும் மெதுவாக நீவுங்கள். வயிற்றைத் தொடாதீர்கள், கெண்டைக்காலை அழுத்திப் பிசையாதீர்கள், ரத்தம் கட்டியிருந்தால் ஆபத்து. அன்று ராத்திரி தூங்குவாள், அவ்வளவுதான். வலியின் காரணம் எண்ணெயில் கரையாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோபினாக் தைலம், மாத்திரை இரண்டையும் டாக்டரிடம் கேட்காமல் தொடாதீர்கள்.

விட்டுவிட்டு வரும் வலி, காய்ச்சல், நீர்க்கடுப்பு, கால் மரத்துப்போவது இருந்தால் தைலமும் வேண்டாம், பூனையும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரி.

கடைசியாக, நான் எங்கே போனாலும் பேசுவது. ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்று சேலை விரித்துக் காட்டும் கர்ப்பிணிக்கு எந்தப் பூனையும் உதவாது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டமே திருத்தியாயிற்று. முதலாளிமாரே, கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் போடுங்கள்.